ரெசிஸ்டர் ரெண்டா, ஒன்றா, வேண்டவே வேண்டாமா? 485 லைன் இழுக்கும் முன்

போன மாதம் திருப்பூரில் இருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். சொந்தமாக வயரிங் கான்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனி வேலை வந்திருக்கிறது: இரண்டு கட்டடம், 22 எனர்ஜி மீட்டர், 9 ஏஎச்யு (காற்றைப் பதப்படுத்தி அனுப்பும் பெரிய பெட்டி) கன்ட்ரோலர். எல்லாம் ஆபீஸ் ரூமில் ஒரே கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும். அதற்குத்தான் ஒரு ஜோடி வயரில் பல கருவிகளைக் கோத்துப் பேசவைக்கும் ஆர்எஸ்-485 லைன்.

“அண்ணா, 120 ஓம் ரெசிஸ்டர் ரெண்டு பக்கமும் போடோணுமுங்களா, கடைசியில ஒண்ணு போதுமுங்களா? போன சைட்டுல போடவே இல்லீங்க, நல்லாத்தான் ஓடுது.”

“கேபிள் எந்த வழியாப் போகுது தம்பி?”

“அதை எலக்ட்ரீஷியன் பாத்துக்கறாருங்ணா.”

அங்கேதான் எனக்குத் திக்கென்றது. லைனுக்கு எது முனை என்று தெரிந்தால்தானே முனையில் ரெசிஸ்டர் மாட்ட முடியும்? கேபிள் போகும் வழியை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட்டு ரெசிஸ்டரைப் பற்றி யோசிப்பது, மாப்பிள்ளை பார்க்கும் முன்பே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது மாதிரி. மறுநாளே சைட்டுக்குப் போனேன். அங்கே என்னென்ன வழி இருந்தது, எதை ஏன் எடுத்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. மீட்டர்கள் மாட்பஸ் என்ற பாஷை பேசுகின்றன, ஏஎச்யு கன்ட்ரோலர்கள் பேக்நெட் எம்எஸ்/டிபி என்ற பாஷை பேசுகின்றன. இரண்டுமே ஆர்எஸ்-485 மேல்தான் ஓடுகின்றன என்பதால் ஒரே ஜோடி வயரில் இரண்டையும் ஏற்றிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. எம்எஸ்/டிபியில் கன்ட்ரோலர்கள் டோக்கனைக் கைமாற்றிக்கொண்டு முறை வைத்துப் பேசும். மாட்பஸில் ஒரு முதலாளி கேட்பார், மற்றவை பதில் சொல்லும். ஒருவர் பேச்சு மற்றவருக்கு வெறும் இரைச்சல். ஆகவே இரண்டு தனித்தனி லைன். இதில் யோசிக்க எதுவும் இல்லை.

வழி எப்படிப் போக வேண்டும்

கரண்ட் வேலை செய்து பழகிய கைக்கு எல்லாமே கரண்ட் பிரியும் டிபி பெட்டியில் இருந்து கிளம்ப வேண்டும். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் தனியாக ஒரு பைப், தனியாக ஒரு வயர். பவருக்கு அது சரியான பழக்கம். 485 லைனில் அதுவே வினை. 1983இல் இந்தத் தரத்தை வகுத்தவர்கள் மனதில் இருந்தது ஒரு கோடு: ஒரு கருவிக்குப் போய், அதே திருகில் இருந்து அடுத்ததற்குக் கிளம்பி, கடைசிக் கருவியில் முடியும் ஒரே கோடு. டெய்சி செயின் என்பது அதுதான். எங்கள் ஆட்கள் ‘லூப் அடிக்கிறது’ என்பார்கள்.

பல்லடம் பக்கம் கறிக்கோழிக் கொட்டகைகளில் இந்தப் பிரச்சினையே வருவதில்லை. கொட்டகை நீள வாக்கில் ரயில் பெட்டி மாதிரி இருக்கிறது. சென்சார், ஃபேன் கன்ட்ரோலர் எல்லாம் ஒரே வரிசை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாலும் சங்கிலியாகத்தான் வரும். பனியன் கம்பெனி அப்படி இல்லை. ஆபீஸ் நடுவில், நிட்டிங் கிழக்கே, தையல் மேற்கே, மொட்டை மாடியில் ஏஎச்யு. எலக்ட்ரீஷியன் போட்டிருந்த பைப் எல்லாம் ஆபீஸில் இருந்து மூன்று பக்கமும் கிளைத்துப் போயிருந்தது. அவர் அனுபவசாலி, எங்களைவிட வயதில் மூத்தவர். “பைப் போட்டாச்சு தம்பி, இனி உடைக்க முடியாதுங்க” என்றார். நியாயம்தான்.

நட்சத்திரம் மாதிரி இப்படிக் கிளைத்தால் என்ன கெடுதல்? ஒவ்வொரு கிளையின் நுனியும் ஒரு முனை. நல்ல வேகத்தில் சிக்னல் போய் ஒவ்வொரு நுனியிலும் முட்டித் திரும்பும். ரெசிஸ்டர் இரண்டு இடத்தில்தான் போட முடியும், மூன்றாவது நுனி திறந்தே கிடக்கும். நுனிக்கு ஒன்று என்று மூன்று போட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பைப்பை உடைக்காமல் தப்பிக்க மூன்று வழி இருந்தது.

கிளை இரண்டே என்றால் அது நட்சத்திரமே இல்லை. ஆபீஸில் இருந்து கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று போனால், கிழக்கு நுனியில் இருந்து மேற்கு நுனி வரை ஒரே கோடு. ஆபீஸ் அதன் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. பேசுகிற தலைமைக் கருவி முனையில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இங்கே பலரும் வழுக்குகிறார்கள்: கன்ட்ரோலர் பேனலில் ஒரு ரெசிஸ்டரைப் பழக்கத்தில் மாட்டிவிட்டு, ஒரு நுனியில் இன்னொன்றை மாட்டுவார்கள். நடுவில் இருக்கிற கன்ட்ரோலரில் ரெசிஸ்டர் வேண்டாம். இரண்டு நுனியில்தான் வேண்டும்.

மூன்றாவது கிளைக்குப் போய்வரும் கேபிள். அதே பைப்பில் கேட்-6 கேபிள் ஒன்றை விட்டு, ஒரு ஜோடியில் சிக்னல் போகட்டும், இன்னொரு ஜோடியில் திரும்பி வரட்டும், மூன்றாவது ஜோடியை காமனுக்கு (எல்லாக் கருவிக்கும் பொதுவான பூஜ்ய வோல்ட் வயர்) வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்குக் கிளை, கணக்குக்குச் சங்கிலி. நீளம் இரட்டிப்பாகும் என்பது மட்டும் ஞாபகம் இருக்க வேண்டும். 60 மீட்டர் கிளை லைனில் 120 மீட்டரைச் சேர்க்கும்.

கடைசி வழி ரிப்பீட்டர், சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் பெட்டி. கிளை தொடங்கும் இடத்தில் ஒரு ரிப்பீட்டரை வைத்தால் அந்தப் பக்கம் தனி லைன் ஆகிவிடும், அதற்கென்று சொந்தமாக இரண்டு முனை, இரண்டு ரெசிஸ்டர். சுத்தமான தீர்வுதான். ஆனால் இன்னொரு பவர் சப்ளை, பழுதாக இன்னொரு பெட்டி. பைப் காலியாக இருந்தால் நான் போய்வரும் கேபிளைத்தான் எடுப்பேன். இங்கேயும் அதைத்தான் எடுத்தோம்.

குட்டிக் கிளைகள் பரவாயில்லையா என்று தம்பி கேட்டார். சங்கிலியில் இருந்து ஓர் எனர்ஜி மீட்டருக்கு அரை அடி வயர் தொங்கினால் ஒன்றும் ஆகாது. மாட்பஸ் விதிமுறை கிளை எந்தக் காரணத்துக்கும் 20 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் 20 மீட்டரில் தொங்கவிடக் கூடாது. எவ்வளவு நீளம் தாங்கும் என்பது பாட் ரேட்டைவிட (வினாடிக்கு எத்தனை பிட் என்ற வேகம்) கருவிக்கு உள்ளே இருக்கும் சிப்பின் கையில் இருக்கிறது. சிக்னல் கேபிளில் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 5 நானோ வினாடி ஆகும். சிப் தன் வோல்ட்டேஜை நிதானமாக 500 நானோ வினாடியில் ஏற்றினால் 10 மீட்டர் கிளைகூட அதற்கு உறைக்காது. வெடுக்கென்று 10 நானோ வினாடியில் ஏற்றும் சிப் என்றால் ஒரு சாண் கிளையே உறைக்கும். எந்த மீட்டரில் எந்தச் சிப் என்று நாம் கழற்றிப் பார்க்கப் போவதில்லை. கிளையே விடாமல் லூப் அடித்துவிடுவது நல்லது.

ரெசிஸ்டர் உண்மையில் என்ன செய்கிறது

காளிங்கராயன் வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது மடையைப் பட்டென்று அடைத்தால், தண்ணீர் முட்டி ஓர் அலை பின்னால் திரும்பி வரும். மடைக்கு அப்பாலும் அதே அகலத்தில் வாய்க்கால் இருந்தால் அலை திரும்பாது, போய்க்கொண்டே இருக்கும். கேபிளின் நுனியில் 120 ஓம் மாட்டுவது, “அப்பாலும் இதே கேபிள்தான் போகிறது” என்று சிக்னலை நம்பவைப்பது. அதனால்தான் அந்த மதிப்பு கேபிளின் இயல்புக்குப் பொருந்த வேண்டும்.

தம்பியின் போன சைட்டில் ரெசிஸ்டர் இல்லாமல் ஓடியது எப்படி? 9600 பாட் ரேட்டில் ஒரு பிட் 104 மைக்ரோ வினாடி நீடிக்கிறது. வாங்கும் கருவி பிட்டின் நடுவில், அதாவது 52ஆவது மைக்ரோ வினாடியில்தான் பார்க்கும். 300 மீட்டர் கேபிளில் சிக்னல் போய்த் திரும்ப 3 மைக்ரோ வினாடி. ஆக, கருவி பார்ப்பதற்குள் அலை 15 முறைக்கு மேல் முட்டி மோதி அடங்கிவிடுகிறது. 76,800இல் பிட்டே 13 மைக்ரோ வினாடிதான், நடுப்பகுதி ஆறரை. அலை இரண்டு முறை மோதித் திரும்பியிருக்கும், அடங்கியிருக்காது. அதே கேபிள், அதே நீளம். ஒன்று ஓடும், ஒன்று ஓடாது. “எங்க சைட்டுல போடவே இல்லீங்க” என்பவர் பொய் சொல்லவில்லை, தன் பாட் ரேட்டைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்.

ஒன்று மட்டும் போடலாமா? ஒருவர் பேசி மற்றவர் கேட்கும் ஒருவழி லைனில், கேட்கும் கடைசி முனையில் ஒன்று போதும். 485இல் எல்லோரும் பேசுகிறார்கள். நடுவில் இருந்து ஒருவர் பேசினால் சிக்னல் இரண்டு பக்கமும் ஓடும், இரண்டு பக்கமும் முட்டும். ஒன்று என்பது பாதி வேலை. போட்டால் இரண்டு, இல்லையென்றால் பூஜ்யம்.

இனி மூன்று போட்டால் என்ன ஆகும் என்ற கதைக்கு வருகிறேன். இதற்குப் பயாஸ் என்ற இன்னொரு விஷயம் தெரிய வேண்டும், ஏனென்றால் ரெசிஸ்டர் முடிவையும் பயாஸ் முடிவையும் பிரித்து எடுக்க முடியாது. யாரும் பேசாத நேரத்தில் லைன் அந்தரத்தில் நிற்கும். பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே குறைந்தது 0.2 வோல்ட் இருந்தால்தான் வாங்கும் கருவி அதை உறுதியாகப் படிக்கும். அதற்குக் கீழே இருந்தால், பக்கத்தில் ஒரு விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் பெட்டி) இருமினாலும் அதை எழுத்தென்று எடுத்துக்கொள்ளும். எனவே பிளஸை ஒரு 510 ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டுக்கும், மைனஸை இன்னொரு 510 வழியாக பூஜ்யத்துக்கும் இழுத்துக் கட்டுகிறோம்.

இரண்டு 120 ஓம் இணையாக 60. மொத்தத் தடை 510, 60, 510 சேர்ந்து 1,080. 5 வோல்ட்டில் 60க்கு வரும் பங்கு 0.28 வோல்ட். தேறிவிட்டது. மூன்றாவது 120ஐப் போட்டால் 60 என்பது 40 ஆகும், பங்கு 0.19. தேறவில்லை. நான்காவது போட்டால் 0.14. நல்லது செய்வதாக நினைத்து மாட்டிய மூன்றாவது ரெசிஸ்டர் லைனைக் கொன்றுவிடுகிறது. பேசும் சிப்புக்கும் கூடுதல் சுமை.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனை வேலையில் 11 கன்ட்ரோலர், பாட் ரேட் 76,800. நான்கைந்து மாட்டும் வரை அருமையாக ஓடியது. எட்டைத் தாண்டியதும் அவ்வப்போது காணாமல் போக ஆரம்பித்தன. ஒரு நாள் ஐசியு பக்கத்து ஏஎச்யு, மறுநாள் லேப். கன்ட்ரோலரை மாற்றினோம், முகவரியை மாற்றினோம், கேபிளைக்கூடச் சந்தேகப்பட்டோம். மூன்றாம் நாள் ராத்திரி பவரை அணைத்துவிட்டு, ஏஎச்யு ரூமில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பிளஸ், மைனஸ் நடுவே மல்டிமீட்டர் வைத்தேன். 60 சொச்சம் வர வேண்டிய இடத்தில் 31 ஓம். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தால், பின்னால் வந்த லாட்டில் இரண்டு கன்ட்ரோலரில், உள்ளேயே இருக்கும் 120 ஓமை லைனில் சேர்க்கும் டெர்மினேஷன் டிப் ஸ்விட்ச் ஆனில் இருக்கிறது. பெட்டியில் வந்தபடியே மாட்டியிருக்கிறோம். குற்றம் யார் மேலும் இல்லை, மாட்டிய கை என்னுடையது. இரண்டையும் கீழே தள்ளிய பிறகு கையடக்க ஸ்கோப்பில் பார்த்தேன்: பேச்சுக்கு இடைவெளியில் 0.14இல் நின்றது 0.28க்கு ஏறியிருந்தது. அன்று இரவு காந்திபுரத்தில் குடித்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அன்று முதல் மல்டிமீட்டர் அளவு இல்லாமல் நான் எந்த லைனுக்கும் பவர் கொடுப்பதில்லை. 120ஐ ஒட்டி வந்தால் ஒரு ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கிறது. 40 என்றால் ஒன்று கூடுதல். 60ஐவிடக் கொஞ்சம் கூட வந்தால் பயப்பட வேண்டாம், அது கேபிளின் சொந்தத் தடை. மெல்லிய வயரில் நீளமாக இழுத்தால் 70 வரைகூடப் போகும்.

ரெசிஸ்டரோடு ஒரு கப்பாசிட்டரையும் தொடராகச் சேர்த்து மாட்டும் முறை ஒன்று இருக்கிறது. மாட்பஸ் விதிமுறையிலேயே 120 ஓமும் 1 நானோ ஃபாரடும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. சிக்னல் திரும்பும் கணத்தில் மட்டும் ரெசிஸ்டர் வேலை செய்யும், சும்மா இருக்கும் நேரத்தில் கப்பாசிட்டர் கதவை மூடிக்கொள்ளும். பயாஸ் வோல்ட்டேஜ் இறங்காது. பயாஸ் வலுவில்லாத மெதுவான மாட்பஸ் லைனுக்கு அழகான வழி. எம்எஸ்/டிபியில் நான் அதைப் போட மாட்டேன், அங்கே வெறும் 120தான்.

புதிய சிப்புகள் சிலவற்றில் பூஜ்ய வோல்ட்டையும் சரியாகப் படிக்கும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. லைனில் எல்லாமே அப்படிப்பட்டவை என்றால் பயாஸ் தேவையில்லை. ஆனால் இந்தக் கம்பெனியில் பாதி மீட்டர் பழைய பேனலில் இருந்து கழற்றி மாட்டியவை. பயாஸை ஓர் இடத்தில் போடுவது என்று முடிவு செய்தோம். எல்லாக் கன்ட்ரோலரிலும் ஆன் செய்யக் கூடாது; எம்எஸ்/டிபியிலும் அதிகபட்சம் இரண்டு இடம்தான்.

கேபிள், காமன், ஷீல்டு

கேபிளில் பெரிய விவாதம் இல்லை. எம்எஸ்/டிபிக்கென்று விற்கும் ஷீல்டு போட்ட முறுக்கு ஜோடி முதல் தேர்வு: இயல்புத் தடை (ஓடும் சிக்னலுக்குக் கேபிள் காட்டும் தடை) 100 முதல் 130 ஓம், மீட்டருக்கு 100 பிகோ ஃபாரடுக்குக் கீழே, 18 கேஜ் என்றால் 1,200 மீட்டர் வரை. கேட்-6 இரண்டாம் தேர்வு. அதன் இயல்புத் தடை 100 ஓம் என்பதால் 120 ஓம் நுனியில் 9 சதவீதம்தான் திரும்பும், அது ஒரு பொருட்டே இல்லை. மெல்லிய கம்பி என்பதால் திருகில் நசுங்கி உடைவதுதான் தொல்லை. கம்பி நுனியில் ஃபெரூல் என்ற சின்னக் குழாய் போட்டு முடுக்கினால் தீர்ந்தது. கடையில் ‘டேட்டாவுக்கும் போடலாமுங்க’ என்று எடுத்துக் கொடுக்கும் முறுக்கில்லாத ஸ்பீக்கர் வயர் வேண்டாம்.

மூன்றாவது வயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘485க்கு ரெண்டு வயர் போதும்’ என்பது இந்தத் தொழிலின் பெரிய புரளி. வாங்கும் சிப் மைனஸ் 7 வோல்ட்டில் இருந்து பிளஸ் 12 வோல்ட் வரைதான் தாங்கும். ஒரு பேனலின் எர்த்துக்கும் இன்னொரு பேனலின் எர்த்துக்கும் உள்ள வித்தியாசம் அதைத் தாண்டினால் முதலில் தகவல் கெடும், பிறகு சிப் போகும். காமன் வயர் அந்த வித்தியாசத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. ஷீல்டை எல்லாக் கருவியிலும் ஒன்றோடொன்று முறுக்கி, நுனி வரை தொடர்ச்சியாகக் கொண்டுபோய், ஒரே ஓர் இடத்தில் எர்த் செய்ய வேண்டும். ஏ, பி என்ற எழுத்துகளை நம்ப வேண்டாம். தரத்தில் ஏ என்பது மைனஸ் பக்கம், பல சிப் கம்பெனிகள் தலைகீழாக எழுதுகின்றன. பிளஸ், மைனஸ் குறியைப் பாருங்கள்.

இரண்டாவது கட்டடத்தில்தான் தம்பிக்கும் எனக்கும் லேசாக மனத்தாங்கல். கம்ப்ரஸர் ஷெட் சாலைக்கு அந்தப் பக்கம், தனி எர்த் பிட், தனி ஜெனரேட்டர். “80 மீட்டர்தானுங்ணா, அப்படியே இழுத்துரலாமுங்க” என்றார். நீளத்துக்குத் தாங்கும். சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன்னால் விழும் இடிக்குத் தாங்காது. செம்பு வயர் இரண்டு எர்த்தை இணைத்துவிட்டால் இடி அந்த வழியாகத்தான் நடந்து வரும். ஐசொலேட்டட் ரிப்பீட்டரும் சர்ஜ் அரெஸ்டரும் போட்டால் ஓரளவு காப்பாற்றலாம். ஃபைபர் போட்டால் பேச்சே இல்லை, கண்ணாடியில் கரண்ட் ஓடாது. ஷெட்டில் ஒரு சின்ன கேட்வே வைத்து மாட்பஸை ஈதர்நெட்டில் ஏற்றி, ஃபைபரில் அனுப்புவது என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். செலவைக் கேட்டு முதலாளி முகம் சுளித்தார். போன வருடம் இடியில் போன சிசிடிவி டிவிஆரை எலக்ட்ரீஷியன் அண்ணன் ஞாபகப்படுத்தியதும் சரி என்றுவிட்டார்.

பாட் ரேட் பற்றியும் கேட்டார் தம்பி, மீட்டர் லைனை 38,400க்கு ஏற்றலாமா என்று. எதற்கு? ஒரு மீட்டரில் 20 ரெஜிஸ்டர் (அளவுகளை வைத்திருக்கும் கட்டம், ரெசிஸ்டர் அல்ல) கேட்க 8 பைட், பதில் 45 பைட். 9600இல் 60 மில்லி வினாடிச் சொச்சம். மீட்டர் யோசிக்கிற நேரத்தைச் சேர்த்தாலும் 22 மீட்டரையும் நாலைந்து வினாடியில் சுற்றி வந்துவிடலாம். கரண்ட் பில்லுக்கு அதற்கு மேல் என்ன அவசரம்? மெதுவாக ஓடும் லைன் வயரிங் தப்புகளை மன்னிக்கும். ஏஎச்யு லைனில் மட்டும் 38,400.

மீட்டர் லைன் போய்வரும் கிளையையும் சேர்த்து 340 மீட்டர் வந்தது, 100ஐத் தாண்டிவிட்டதால் இரண்டு முனையிலும் 120. நூறு மீட்டருக்குள் அடங்கும் 9600 லைன் என்றால் பயாஸ் மட்டும் போட்டுவிட்டு ரெசிஸ்டரை விட்டுவிடுவேன், மனசு உறுத்தாது. ஏஎச்யு லைன் 150 மீட்டர்தான் என்றாலும் வேகம் கூட என்பதால் அங்கேயும் இரண்டு. பெட்டியில் இருந்து எடுக்கும்போதே ஒன்பது கன்ட்ரோலரின் டிப் ஸ்விட்சையும் தம்பி கையாலேயே கீழே தள்ளவைத்தேன். முனையில் வரும் இரண்டை மட்டும் திரும்ப மேலே.

சனிக்கிழமை சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து பவர் கொடுப்பதற்கு முன் ஏஎச்யு லைனில் மல்டிமீட்டரை வைத்தார். 62. முனை இரண்டிலும் பேனல் கதவின் உள்பக்கம் மார்க்கரில் ‘இது முனை, 120 ஆன்’ என்றும், ஆபீஸ் பேனலில் ‘நடு, ரெசிஸ்டர் போடாதே, பயாஸ் இங்கே’ என்றும் எழுதினார். கீழே 62 என்ற எண்ணையும் தேதியையும் எழுதச் சொன்னேன். “இது எதுக்குங்ணா?” என்றார். அடுத்த வருடம் பத்தாவது ஏஎச்யு வரும், அதை மாட்டப் போகிறவர் நாமாக இருக்க மாட்டோம்.